ஆறு மணிப் புகை

என் தம்பி ஒரெஸ்தேயோடு நான் பேசாமல் இருந்தது பன்னிரண்டு குளிர்காலம். கோடைகளை நான் சேர்க்கவில்லை. கோடையில் யாரோடும் பேசாமல் இருப்பது ஒரு பெரிய காரியமே இல்லை. புல் அறுக்க வேண்டும், உருளைக்கிழங்கு தோண்ட வேண்டும், நாள் தானாகப் போய்விடும். குளிர்காலத்தில்தான் அந்த வலி தெரியும். எங்கள் மேட்டுத்தெருவில் ஒன்பது வீடுகள். பனி விழுந்த பிறகு ஆள் இருப்பது நான்கில்தான். அதில் அவன் வீடும் என் வீடும் எதிரெதிரே. நடுவில் ஒரு வண்டி மட்டும் போகிற சந்து. அவன் கரண்டியைக் கீழே போட்டால் எனக்குக் கேட்கும். அப்படி இருந்தும் பன்னிரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை என்றால், எங்கள் அப்பாவின் வீம்பு இரண்டு பேருக்கும் குறையில்லாமல் வந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் புகை இருந்தது.

இங்கே காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் எல்லோரும் ஒரு காரியம் செய்வார்கள். சன்னலண்டை போய்ப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியைப் பார்ப்பார்கள். வெள்ளையாகத் தடித்த புகை வந்தால் அந்த வீட்டுக்காரர் எழுந்துவிட்டார், சாம்பலைக் கிளறிச் சுள்ளி வைத்துவிட்டார், நன்றாக இருக்கிறார். ஏழு மணிவரை வரவில்லை என்றால் யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள். கீழ்வீட்டு தூலியா தொடை எலும்பு முறிந்து படிக்கட்டடியில் கிடந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தோம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. கேட்டால் வானிலை பார்த்தேன் என்போம். புகை கூரையோடு படிந்தால் பனி வரும், நேரே எழுந்தால் வெயில். அந்தக் கணக்கில் நானும் பன்னிரண்டு வருஷம் விடியற்காலை ஐந்தரை மணிக்கு என் தம்பி வீட்டுக் கூரைமேல் வானிலைதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் என் கூரைமேல் அதையேதான் பார்த்தான்.

சண்டை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் ரென்ஸோ நவம்பர் ஒன்பதாம் தேதி போனார். பதினொன்றாம் தேதி மதியம் அடக்கம். அது புனித மார்ட்டின் நாள். பொதுக்காட்டில் அவரவர் வீட்டுக்குச் சீட்டுக் குலுக்கலில் விழுந்த விறகுப் பங்கை அன்று பொழுது சாய்வதற்குள் கீழே இறக்கிவிட வேண்டும். இறக்காத மரம் பொதுவுக்கே திரும்பிப் போய்விடும். ரென்ஸோ வெட்டிப் போட்ட மரங்கள் மேலே அப்படியே கிடந்தன. அவருக்கு நெஞ்சைப் பிடித்ததே அங்கேதான். எனக்கு விறகைப் பற்றிய நினைப்பே இல்லை. சவப்பெட்டியின் முன்பக்க வலது மூலை மனைவியின் கூடப்பிறந்தவனுக்கு உரியது. மணி அடித்துவிட்டார்கள், பாதிரியார் காத்திருந்தார், அந்த மூலை காலியாகவே இருந்தது. கடைசியில் ரொட்டி வண்டிக்காரன் சில்வானோ வந்து தோள் கொடுத்தான். ஊரே என்னைப் பார்த்தது.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தால், என் விறகுக் கொட்டகையில் ஒரெஸ்தே நிற்கிறான். டிராக்டரில் நான்கு நடை அடித்து எங்கள் பங்கு முழுவதையும் இறக்கியிருந்தான். முழங்கால்வரை சேறு. அடுக்கு என் மார்பளவுக்கு இருந்தது, ஒரு கட்டை முன்னே பின்னே இல்லை.

"என் வீட்டு நெருப்பே அணைஞ்சு போச்சு. நீ இங்க விறகு அடுக்கிட்டு நிக்கிறியா?" என்றேன்.

"சாயங்காலத்துக்குள்ள இறக்கலேன்னா போயிருக்கும்க்கா," என்றான்.

"போகட்டுமே! போன மனுஷனைத் தூக்க வரல. கட்டையைத் தூக்கப் போயிருக்கே. இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே."

மிதிக்கவில்லை. சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டு தொங்குகிற ரகம் அவன். அவனுக்கு அழத் தெரியாது, யாராவது செத்தால் எதையாவது தூக்குவான், சுமப்பான், அடுக்குவான் என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். எங்கள் அம்மா செத்த அன்றைக்கும் கோழிக்கூண்டை முழுசாகப் பிரித்துக் கட்டினான். தெரிந்தும் எனக்கு மனம் இறங்கவில்லை. அந்த விறகு காய இரண்டு கோடை ஆயிற்று. மூன்றாம் குளிர்காலத்தில் அதை எரித்தபோது ஒவ்வொரு கட்டையையும் திட்டிக்கொண்டேதான் அடுப்பில் போட்டேன். நல்ல விறகு. ஒரு கட்டைகூடப் புகையவில்லை.

போன வருஷம் ஒரெஸ்தேவுக்கு இடுப்பெலும்பு மாற்றினார்கள். அக்டோபரில் அவன் மகள் மிரெல்லா உதினே நகரத்திலிருந்து இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, அவன் நடு அறையில் ஒரு பெல்லட் அடுப்பை வைத்துவிட்டுப் போனாள். செங்கல் புகைபோக்கிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு எஃகுக் குழாய் கூரைக்கு மேலே முளைத்தது. நான் சன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். பார்க்காத மாதிரியும் இருந்தேன். மறுநாள் மிரெல்லா என் கதவைத் தட்டினாள்.

"அத்தை, திறங்க. நான்தான், அப்பா இல்ல. பயப்படாதீங்க."

"உங்கப்பனைப் பார்த்து நான் எதுக்குடி பயப்படறேன்? சேத்தைத் தட்டிட்டு உள்ள வா."

காப்பி போட்டுக் கொடுத்தேன். அவள் என் கணப்படுப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குளிர் காய்ந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம்.

"மரத்தூளை அழுத்திச் செஞ்ச குச்சி அத்தை. மூட்டையைப் பிரிச்சு மேல கொட்டினா போதும். அதுவே கொஞ்சம் கொஞ்சமா எடுத்து எரிச்சுக்கும்."

"பார்த்தேன். கோழித்தீவனம் மாதிரி இருக்கு. முட்டை போடுமா?"

அவள் சிரித்தாள். பிறகு காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"டாக்டர் இனிமே விறகே தொடக்கூடாதுன்னு சொல்லிட்டார். கொட்டகைக்குப் போற வழியில வழுக்கி விழுந்தா அவ்வளவுதான், மறுபடி எழுந்திருக்க மாட்டார். ஆனா இந்த மனுஷன் ரெண்டையும் எரிக்கிறார். நடு ரூமுக்கு பெல்லட்டாம், சமையல்கட்டுக்கு விறகாம். நேத்து விடியறதுக்குள்ள கூடையைத் தூக்கிட்டுப் போறார். வீடு கதகதன்னு இருக்கு, எதுக்குப்பா இன்னொரு அடுப்புன்னு கேட்டா, வாயைத் திறக்க மாட்டேங்கறார்."

எதற்கு என்று எனக்குத் தெரியும். பெல்லட் அடுப்புக்கு ஊர் பார்க்கிற மாதிரி புகை கிடையாது. மூட்டும்போது ஐந்து நிமிஷம் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வரும், அப்புறம் குழாய்மேல் காற்று மட்டும் நெளியும். அது எதிர்வீட்டுக் கிழவியின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று அவனுக்குக் கவலை. இதை நான் மிரெல்லாவிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தை. நீங்க சொன்னா கேப்பார்."

"பன்னெண்டு வருஷமா பேசாதவ சொல்லியா கேக்கப் போறான்?"

"பேசாதவங்க பேசினாத்தான் கேப்பார்."

நவம்பர் கடைசியில் ஒரு நாள் மழை பெய்து இரவே உறைந்துவிட்டது. சந்து முழுக்கக் கண்ணாடி. ஐந்தரை மணிக்கு நான் சன்னலில் நிற்கிறேன். ஒரெஸ்தே முதுகுக்கூடை நிறைய விறகோடு கொட்டகையிலிருந்து வருகிறான். சறுக்கி ஒரு முழங்காலில் விழுந்தான். கூடையிலிருந்த கட்டைகள் உருண்டு ஓடின. அவன் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான். பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். சன்னலைத் திறந்துவிட்டேன்.

"டேய் ஒரெஸ்தே!"

நிமிர்ந்து பார்த்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் நேருக்கு நேராகப் பார்க்கிறோம். தலையில் முடியே இல்லை அவனுக்கு.

"அறிவிருக்கா உனக்கு? யாருக்குடா இந்தப் புகை? எனக்குன்னா வேண்டாம். உன் கோழித்தீவனப் புகையே எனக்குப் போதும். இனிமே கூடையும் கையுமா இந்தப் பக்கம் பார்த்தேன், உன் காலை நானே ஒடிச்சுடுவேன்!"

கையில் ஒரு கட்டையோடு அப்படியே நின்றான். வாயிலிருந்து ஆவி வந்தது.

"சரிக்கா," என்றான்.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து செங்கல் புகைபோக்கியில் புகை இல்லை. எஃகுக் குழாயிலிருந்து மட்டும் சரியாக ஆறு மணிக்கு ஒரு சின்னப் புகை வரும், போகும். நானும் ஐந்தரையை விட்டு ஆறு மணிக்குச் சன்னலுக்கு வரப் பழகிக்கொண்டேன். அந்தப் புகைக்குப் பின்னால் என் தம்பியின் கை இருக்கிறது என்று நம்பினேன். அந்த அடுப்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, நேரம் குறித்துவிட்டால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன்னால் பற்றிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் எழுபத்து நான்கு வயதில் மனிதர் கை படாமல் மூண்ட அடுப்பை நான் பார்த்ததே இல்லை.

அவன் 'சரிக்கா' என்ற பிறகு இனி வந்துவிடுவான் என்று எதிர்பார்த்தேன். நான்தானே முதலில் வாயைத் திறந்தேன்? அடுத்த அடி அவன் எடுத்துவைக்க வேண்டியதுதானே? கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேருக்குக் காணும் அளவுக்குச் சோளமாவில் பொலெந்தா கிண்டினேன், பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் வறுத்து வைத்தேன். அவன் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை. மீந்ததை மூன்று நாள் தின்றேன். ஜனவரி போனது. மெல்ல மெல்ல ஒரு சந்தேகம் என்னை அரிக்க ஆரம்பித்தது. விறகு மூட்டுகிற வேலை இல்லை, கதகதப்பான அறை, மெத்தென்ற கட்டில். இவன் இப்போது ஐந்தரைக்கு எழுந்து என் புகைபோக்கியைப் பார்க்கிறானா? ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுப் போர்வைக்குள் போய்விடுகிறானோ?

பிப்ரவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. வெளியே மைனஸ் பதினாலு. ஐந்து மணிக்கு எழுந்தேன், சாம்பலைக் கிளறினேன், அடியில் தணல் இருந்தது. சுள்ளியைக் கையில் எடுத்தவள் திரும்பக் கீழே வைத்துவிட்டேன். பார்க்கலாம் என்று தோன்றியது. இன்றைக்கு என் வீட்டில் புகை இல்லை. அவன் என்ன செய்கிறான் என்று பார்க்கலாம்.

இது சின்னப்பிள்ளை வேலை என்று எனக்கே தெரியும். ரென்ஸோவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, விளக்கையும் ஏற்றாமல், சமையல்கட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு எதிர்வீட்டுக் குழாயிலிருந்து புகை வந்தது. சரி, எழுந்துவிட்டான். இனி பார்ப்பான். ஆறேகால் இருக்கும், எதிர்ப்பக்கம் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கூரையிலிருந்து பனி சரிந்திருக்கும் என்று நினைத்தேன். ஏழு மணி ஆயிற்று. கால் விரல்கள் மரத்துப்போயின. ஏழரை ஆயிற்று. சந்தில் ஒரு காலடிச் சத்தம் இல்லை.

எட்டு மணிக்கு எழுந்து அடுப்பை மூட்டினேன். நான்கு தீக்குச்சி வீணாயிற்று. "நான் செத்தா இவனுக்கு ஒரு புகை குறையும், அவ்வளவுதான்," என்று சத்தமாகவே சொன்னேன். அழுகையாக வந்தது. ஆத்திரத்தில் அழுதேன், வேறு எதற்காகவும் இல்லை என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குக் குழாயில் புகை வந்தது. இரவில் புதுப்பனி ஒரு சாண் விழுந்திருந்தது. அவன் வாசலிலிருந்து ஒரு காலடித் தடமும் இல்லை. விறகு எடுக்கப் போகவேண்டாம், தடம் எங்கிருந்து வரும் என்று இருந்துவிட்டேன். பத்து மணிக்கு சில்வானோ ரொட்டி வண்டியோடு வந்தான். ஒலிப்பானை அடித்துப் பார்த்துவிட்டு, ஒரெஸ்தேயின் ரொட்டிப் பையை அவன் வேலிப்படலில் மாட்டினான். பிறகு என்னிடம் வந்தான்.

"உங்க தம்பி நேத்தும் வெளிய வரல ஜெம்மாக்கா. நேத்துப் பையும் இதோ அப்படியே தொங்குது."

"தொரைக்கு இப்ப ஒரு பொத்தானை அமுக்கினா போதும். வெளிய வந்து என்ன ஆகணும்? உள்ளயே படுத்து கொழுக்கறான்."

"போயித் தட்டிப் பார்க்கட்டுமா?"

"காலையில புகை வந்துச்சு, நான்தான் பார்த்தேனே. நீ கிளம்பு, ரொட்டி ஆறிப்போகுது."

அவன் போய்விட்டான். போகச் சொன்னது நான். இதை நான் பாதிரியாரிடம் சொல்லிவிட்டேன், மிரெல்லாவிடம் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன். எத்தனை தரம் சொன்னாலும் அந்த வண்டி வளைவில் திரும்பிப் போவது என் கண்ணை விட்டுப் போவதில்லை.

புதன்கிழமை ஆறு மணிக்குக் குழாயில் புகை இல்லை.

ஆறு ஐந்து. ஆறு பத்து. இரண்டு ரொட்டிப் பைகள் படலில் தொங்குகின்றன, மேலே பனி குவிந்திருக்கிறது. ஆறேகாலுக்கு நான் வீட்டுச் செருப்போடு சந்தில் இறங்கிவிட்டேன். முழங்கால்வரை பனி. கதவைத் தட்டவில்லை. எங்கள் ஊரில் யாரும் பூட்டுவதில்லை. தள்ளினேன், பாதிதான் திறந்தது. எதுவோ தடுத்தது.

அவன்தான் தடுத்தான். கதவுக்குப் பின்னால், நடையில், இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தது. வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. உள்ளே நடு அறையில் பெல்லட் அடுப்பு விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது. மேலே கொட்டியது தீர்ந்துவிட்டது என்று சிவப்பில் எழுத்து மின்னியது. வீடு அப்போதுதான் ஆறத் தொடங்கியிருந்தது. தரைக்கல்லில் இன்னும் சூடு இருந்தது.

"ஒரெஸ்தே, டேய், அக்காடா. நான் வந்துட்டேன்டா." பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் தலையைத் தொட்டேன். தொலைபேசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அடிவாரத்திலிருந்து வர நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள்.

கட்டிலிலிருந்து போர்வையை இழுத்து வந்து போர்த்தினேன். வீட்டைச் சூடாக்க வேண்டும். அந்தப் பெல்லட் அடுப்பை எனக்கு ஓட்டத் தெரியாது. சமையல்கட்டு விறகடுப்பைத் திறந்தேன். நவம்பரில் கூட்டித் துடைத்தது துடைத்தபடியே இருந்தது. ஒரு பொட்டுச் சாம்பல் இல்லை. விறகுக்குத் திரும்பியபோதுதான் கூடையைப் பார்த்தேன்.

கூடை அவன் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. விறகைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரும்போது விழுந்திருக்கிறான், என் பேச்சைக் கேட்காமல் திருட்டுத்தனமாக எரிக்கப் பார்த்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தரையில் ஈரம் இல்லை. கூடை காய்ந்திருந்தது. சமையல்கட்டு மூலையில் நவம்பரிலேயே கொண்டுவந்து அடுக்கிய விறகு இருந்தது, அதில் மேல்வரிசையில் மட்டும் நான்கு கட்டை குறைந்திருந்தது. அந்த நான்கு கட்டையும்தான் கூடையில் இருந்தன. கூடவே விரல் கனத்துக்குச் சீவிய சிராய் ஒரு கட்டு. சுருட்டிய செய்தித்தாள் இரண்டு. இரவு உடைக்கு மேலே கம்பளிக் கோட்டு போட்டிருந்தான். வலது காலில் பூட்ஸ் இருந்தது, இடது காலில் காலுறை மட்டும். அவன் முகம் வாசலைப் பார்த்துத்தான் கிடந்தது. கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தேன். தீப்பெட்டி.

இவ்வளவையும் தூக்கிக்கொண்டு இவன் எங்கே கிளம்பினான்? இந்தச் சந்தில் அவனுக்குப் போக இன்னொரு வீடு இருக்கிறதா?

அவன் திங்கட்கிழமை என் புகைபோக்கியைப் பார்த்திருக்கிறான். ஏழு மணிவரை காத்திருப்பதுதான் ஊர் வழக்கம். அவன் கால்மணி நேரம்கூடக் காத்திருக்கவில்லை. அக்கா வீட்டில் புகை இல்லை, அக்காவுக்கு உடம்புக்கு ஏதோ, போய் அடுப்பை மூட்டலாம் என்று, மிதிக்காதே என்று நான் சொன்ன வாசற்படியை மிதிக்கக் கிளம்பிவிட்டான். நான் இருட்டில் கோட்டைப் போட்டுக்கொண்டு அவனுக்குப் பரீட்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூரைப்பனி என்று நான் நினைத்த சத்தம் அவன் விழுந்த சத்தம்.

எனக்காக அவன் சீவிய சிராயை எடுத்து அவன் அடுப்பில் வைத்து, அவன் தீப்பெட்டியில் கிழித்தேன். முதல் குச்சியிலேயே பிடித்துக்கொண்டது. ஆட்கள் வரும்வரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நடையிலேயே உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அதற்கெல்லாம் நான் தகுதியில்லை என்று தோன்றியது.

உதினே மருத்துவமனையில் மிரெல்லா நடைபாதையில் நின்றிருந்தாள்.

"எப்ப விழுந்தார்னு டாக்டர் கேக்கறார் அத்தை."

"திங்கக்கிழமை. ஆறேகாலுக்கு."

"அவ்வளவு கரெக்டா எப்படித் தெரியும்?"

"அதை அப்புறம் சொல்றேன். நீ இதைச் சொல்லு. செவ்வாக்கிழமை காலையில புகை வந்துச்சே. ஆறு மணிக்கு. நான் என் கண்ணால பார்த்தேன். விழுந்து கிடந்தவன் எப்படி அடுப்பை மூட்டினான்?"

அவள் என்னைப் பார்த்தாள். "அது தானா மூட்டிக்கும் அத்தை. ஆறு மணின்னு நான்தான் நேரம் வெச்சுக் குடுத்தேன். அவர் விறகு மூட்டற பழக்கத்தை விடணும்னுதான்."

மருத்துவர் இளைஞர், நல்லவர். மூளைக்குப் போகிற ரத்தம் அடைபட்டிருக்கிறது என்றார். இந்தக் குளிரில் கணப்பு இல்லாத வீடாக இருந்திருந்தால் முதல் இரவையே தாண்டியிருக்க மாட்டார், அந்த அடுப்புதான் உயிரைக் காப்பாற்றியது என்றார். அதே மூச்சில், திங்கட்கிழமையே கொண்டுவந்திருந்தால் பேச்சும் வலது கையும் போயிருக்காது என்றும் சொன்னார். நான் இரண்டையும் கேட்டுக்கொண்டேன். அன்றைக்கு மாலை மிரெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டாத அடுப்பு, கேட்ட சத்தம், திருப்பி அனுப்பிய சில்வானோ, ஒன்றையும் மறைக்கவில்லை. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது.

"எங்கிட்ட சொன்னதை அப்பாகிட்டயும் சொல்லுங்க," என்றாள் கடைசியில். "அவருக்குக் காது நல்லா கேக்குது."

ஏப்ரலில் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பகலில் ஒரு செவிலி வருகிறாள். காலைப்பொழுது என்னுடையது என்று நான் சொல்லிவிட்டேன். பெல்லட் அடுப்பை வைத்த ஆளை வரவழைத்து, அந்தக் கடிகாரத்தை எடுக்கச் சொன்னேன்.

"தானா எரிஞ்சா உங்களுக்குத்தானே சௌகரியம்?" என்றான் அவன்.

"எரியட்டும்ப்பா, வேண்டாங்கல. யாராவது எழுந்து வந்து அமுக்கினாத்தான் எரியணும். அவ்வளவுதான் நான் கேக்கறது."

முதல் நாள் காலை ஐந்தரைக்கே ஓடினேன். பெல்லட் அடுப்பின் பொத்தானை அமுக்கினேன். சமையல்கட்டில் விறகடுப்பையும் மூட்டினேன். பாலைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு அவன் கட்டிலருகில் உட்கார்ந்தேன். கட்டிலைச் சன்னலோரம் போட்டிருந்தார்கள். மிரெல்லா சொன்னபடி சொல்லிவிட வேண்டும் என்று இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

"அந்தத் திங்கக்கிழமை எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லடா," என்றேன். "வேணும்னேதான் மூட்டல. நீ வர்றியான்னு பார்த்தேன். நீ வந்துட்டுத்தான் இருந்திருக்கே. நான் பாவி, எதிர்ல உக்காந்து உன்னையே திட்டிட்டு இருந்தேன். என்னை என்ன வேணா செய்டா."

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் தேங்கியது, அது நோயாலா மனத்தாலா என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருஷப் பேச்சு என்னிடம் சேர்ந்து கிடக்கிறது, அவனிடம் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை. அந்த ஒரு 'சரிக்கா' கூட இனி வராது. இடது கையைத் தூக்கினான். அடிக்கப் போகிறான் என்று முகத்தை நீட்டினேன். அவன் அடிக்கவில்லை. தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. சன்னலைக் காட்டினான். திறக்கச் சொல்கிறான் என்று எழுந்தேன். இல்லை என்று தலையை ஆட்டினான், மறுபடி காட்டினான். கோபமாகக் காட்டினான். பால் கோப்பையைக் கொடுத்தால் தட்டிவிட்டான், போர்வையெல்லாம் பால்.

அப்புறம்தான் அவன் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தேன். என் வீட்டுக் கூரை. என் புகைபோக்கியில் புகை இல்லை. அவன் அடுப்பை மூட்டுகிற அவசரத்தில் என் அடுப்பை மறந்துவிட்டு ஓடிவந்திருக்கிறேன்.

உருகின பனிச்சேற்றில் சந்தைக் கடந்து போய் மூட்டினேன். பிடித்ததும் வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தேன். எதிர்வீட்டுச் சன்னலில் அவன் முகம் தெரிந்தது. என்னைப் பார்க்கவில்லை, என் கூரைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பிப் போனபோது வாயைத் திறந்தான், பாலைக் குடித்தான்.

இப்போது ஐந்து மணிக்கு எழுந்து முதலில் என் அடுப்பை மூட்டுகிறேன். புகை வெளியே நன்றாகத் தெரிகிறதா என்று சந்தில் நின்று பார்த்த பிறகுதான் அவன் வீட்டுக்குப் போகிறேன். அதற்கு முன்னால் போனால் அவன் வாயைத் திறக்க மாட்டான்.